சரவிளக்கின் கீழ் ஒரு சிரிப்பு

காசு வாங்கிக்கொண்டு நாடகத்தைப் பாராட்டுகிறவர்களுக்குப் பாரிஸ்காரர்கள் வைத்த பெயர் 'ரோமர்கள்'. ரோமாபுரியில் ஒரு பேரரசன் பாட்டுப் பாடிவிட்டுக் கைதட்டவும் தானே ஆள் வைத்தானாம். நம்மூர் ஜால்ராக்கள் எங்கே வேண்டுமானாலும் தாளம் போடுவார்கள். ரோமர்களுக்கு ஒழுங்கு உண்டு. அரங்கின் நடுவே, சரவிளக்குக்கு நேர் கீழே உட்கார வேண்டும். தலைவர் கைத்தடியால் தரையைத் தட்டினால்தான் கைதட்டலோ அழுகையோ சிரிப்போ வரலாம்.

தியோதுல் சிரிக்கிறவர். மீசை நரைத்த பிறகும் அதுதான் பிழைப்பு. வயிற்றிலிருந்து கிளம்பி மூக்கில் ஒரு விசிலோடு முடியும் சிரிப்பு அது. கேட்டால் முன்வரிசைப் பிரபுக்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

வெளியே அவர் வாய்க்கு மதிப்பில்லை. "இன்னிக்கு ரொட்டி அருமை" என்றால், "ரோமர் சொல்றாரு, யாரும் நம்பிடாதீங்க!" என்று கடைக்காரி கண்ணடிப்பாள். மனதாரப் புகழ்ந்தாலும் நம்ப ஆளில்லாத மனிதனைப் போல அநாதை வேறு யார்?

நம்பியவள் ஒருத்திதான். அவர் குடியிருந்த கட்டிடத்தின் வாசல்காவல்காரி ஃபெலிசி, கணவனை இழந்தவள். மாலையில் சாவி கொடுக்கும்போது மாடிவாசிகளின் கதை ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பாள். தியோதுல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

"கொட்டகையில எப்படியோ, எங்கிட்ட நெஜமா சிரிக்கிறீங்க முசியே."

அவளை மணந்துகொள்ளக் கேட்பதென்று முடிவு செய்தார். அதற்கு முன் ஒரு நாடகத்துக்கு அழைத்துப் போக ஆசை. கையிலிருந்ததோ ரோமர்களுக்குத் தரும் இலவசச் சீட்டு. அவளைத் தன் பக்கத்திலேயே, சரவிளக்கின் கீழ் உட்காரவைத்தார். அந்தப் புத்திசாலித்தனம் ரோமருக்குத்தான் வரும்.

மேடையில் புளித்துப்போன ஒரு நகைச்சுவை. கைத்தடி தட்டியது. தியோதுல் சிரித்தார். ஃபெலிசி திரும்பி அவர் முகத்தையே பார்த்தாள்.

"அதே சிரிப்பு," என்றாள் வரும் வழியில். "மூக்கு விசில்கூட மாறல."

"மதாம், எங்கிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான்."

"தப்பில்ல முசியே. தொழில்தானே." அவள் குரலில் கோபம்கூட இல்லை. திருமணப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

பிறகு சாவி மட்டும் வந்தது.

குளிர்காலத்தில் ஒரு மாலை தியோதுல் மாடிப்படியில் இறங்கும்போது, கீழே கரிக்காரனிடம் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"வக்கீல் வீட்டுக் கிளி இருக்கே, அவர் பொண்டாட்டி குரல்லயே 'கதவைச் சாத்துய்யா'ங்கும். மனுஷன் சூப்பை விட்டுட்டு ஓடுவாரு. நேத்து நெஜமாவே பொண்டாட்டி சொல்லியிருக்கா. இவரு 'வாயை மூடு சனியனே, இன்னிக்கு உனக்குப் பழம் கிடையாது'ன்னுட்டாரு!"

கரிக்காரன் "அப்படியா" என்று மூட்டையை இறக்கினான்.

தியோதுலுக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. சட்டென்று படியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி வாயில் திணித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர் முட்டியது. விசில் மட்டும் வெளியே வந்துவிடக் கூடாதென்று மூக்கையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.