தூரத்துக்கு எடுக்கிற லென்ஸ்

செத்தவீடு என்றால் ஜெயந்தினியைத் தேடி வருவார்கள். பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரரை நிற்கவைத்து, கனடாவில் இருக்கிறவன் பார்த்து அழுகிற மாதிரி ஒரு படம், அதை அவளைப்போல மன்னாரில் ஒருத்தரும் எடுக்கமாட்டினம் என்று வாய்நிறையப் புகழ்வார்கள். அதே சனம் தங்கள் வீட்டில் கலியாணம் என்றால் வவுனியாவிலிருந்து கமராக்காரரைப் பிடிக்கும். புருசன் போன பொம்பிளையின் முகத்தில் முழித்துக்கொண்டு மணவறைக்கு ஏறினால் முழுவியளம் சரியில்லையாம், சகுனப்பிழையாம். அதை நேரே சொல்லவும் மாட்டார்கள் பாருங்கோ. "உங்களுக்கேன் அக்கா வீண் கரைச்சல்" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போவார்கள். வாயில் நல்லாய் வருகிறது, என்ன செய்ய, பிழைப்பு வேண்டுமே.

புருசன் சுபாஸ்கரன் மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்தில் கமரா பிடிக்கப் பழகியவன். ஊர் திரும்பி மன்னார் ரவுனில் ஒரு சின்ன ஸ்ரூடியோ போட்டான். வீட்டுக்குக் கல்லுக் கட்ட, வாசல் வைக்க என்று எல்லாம் சரிவந்து நிமிர்கிற நேரத்தில், ஒரு கலியாண வீட்டுக்கு மோட்டச்சைக்கிளில் போனவனை மதவாச்சி றோட்டில் லொறி அடித்தது. ஆளும் போய், கொண்டுபோன புதுக் கமராவும் நொறுங்கிப் போயிற்று. வீட்டு அலுமாரியில் இருந்த பழைய பென்டக்ஸ் தப்பியது. பிலிம் சுருள் போட்டு, எல்லாத்தையும் கையால் திருகி எடுக்கிற கமரா. ஸ்ரூடியோவில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஜெயந்தினி வேறொன்று வாங்கினாள். பென்டக்ஸை ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை.

மகள் கிருஷாந்தினிக்குச் சம்பந்தம் பொருந்தி வந்தது. நல்ல இடம், நல்ல பெடியன். மாப்பிள்ளையின் தாய் வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கதையை எடுத்தாள்.

"தாரைவார்க்கிறதுக்குத் தாய்மாமனும் பெஞ்சாதியும் நிக்கட்டுமே. எங்களுக்கு ஒண்டுமில்லை, சனம்தான் கதைக்கும். நீங்கள் குறை நினைக்கக்கூடாது."

"ஓம், அதுதானே முறை," என்றாள் ஜெயந்தினி. அவள் சொன்ன வேகத்தைப் பார்த்து வந்தவளே ஒரு கணம் வெட்கப்பட்டாள்.

அன்றைக்குக் கிருஷாந்தினி அழுத அழுகை கொஞ்சமல்ல. "என்னைப் பெத்தது மாமியோ? நீங்கள் முன்னுக்கு நிக்காட்டில் எனக்கு இந்தக் கலியாணமே வேண்டாம்" என்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டாள். ஜெயந்தினிதான் ஆற்றினாள். நாளைக்கு மருமகனுக்கு ஒரு தடிமன் காய்ச்சல் வந்தாலும் பழி தன் தலையில் விழும், அதைப் பிள்ளையல்லோ சுமக்கவேணும். சனத்தைத் திட்டுகிற அவளுக்கே உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது, அதுதான் பெரிய கேடு. கலியாணக் காட் அடித்து வந்த பிறகு மகள் அந்தக் கதையை எடுக்கவேயில்லை. பிள்ளைக்குப் புத்தி வந்திட்டுது என்று தாய் ஆறுதல் பட்டாள்.

ஆனால் தாலி ஏறுகிற நேரத்தில் மகளின் முகத்தைப் பார்க்கவேணும். அதை மட்டும் அவளால் விட முடியவில்லை. பின்வரிசையில் சும்மா இருந்து எட்டி எட்டிப் பார்த்தால் நாலுபேர் திரும்பிப் பார்ப்பார்கள். கையில் கமரா இருந்தால், ஏன் பார்க்கிறாய் என்று ஆர் கேட்கப்போகினம்? சுபாஸ்கரனின் கமராவையே கொண்டுபோவம், தேப்பன் இல்லாட்டிலும் அவன்ர கமரா பார்க்கட்டும் என்று முடிவெடுத்தாள். அதிலிருந்த லென்ஸ் பக்கத்தில் நின்று எடுக்கிற லென்ஸ். கலியாணம் வைத்திருந்த முருங்கன் மண்டபத்துக்கு முதலே ஒருக்காப் போய்ப் பின்னுக்கிருந்த தூணடியில் நின்று பார்த்தாள். மணவறை தீப்பெட்டி அளவில் தெரிந்தது.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட சாஹுல் ஹமீட் நானாவின் கடை. மணிக்கூடு, றேடியோ, பழைய கமரா எல்லாம் திருத்துவார், விற்பார். ஒரு கலியாணத்துக்கு லென்ஸ் வேணும் என்று சொன்னதும் குட்டையான சூம் லென்ஸ் ஒன்றைத் துடைத்து முன்னுக்கு வைத்தார்.

"கலியாணத்துக்கெண்டா இதுதான் தங்கச்சி. நல்லா வெளிச்சம் வாங்கும். மாப்பிள்ளை பொண்ணுக்குப் பக்கத்தில நிண்டு சுகமா எடுக்கலாம்."

"பக்கத்தில நிக்கமாட்டன் நானா. தூரத்துக்கு எடுக்கிறது இருந்தால் காட்டுங்கோ."

இரண்டு நீட்டு லென்ஸ் இருந்தன. முதலாவதை வாசலுக்குக் கொண்டுபோய் வானத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடிக்குள் நூல் நூலாய்ப் பூஞ்சணம். மன்னார் உப்புக்காற்று கண்ணாடியைக் கூட விடாது. மற்றதின் கண்ணாடி சுத்தம். உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற தகடுகள் எண்ணெய் பிடிக்காமல் டக்கென்று மூடித் திறந்தன. குழலை முன்னுக்குத் தள்ளினால் ஆள் கிட்ட வரும், பின்னுக்கு இழுத்தால் தூரப் போகும். கீழ்நோக்கிப் பிடித்தபோது மட்டும் குழல் தன்பாட்டில் சறுக்கி இறங்கியது. தன் கமராவில் பூட்டிப் பார்த்தாள், சரியாய்ப் பொருந்தி இருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் மீன் வெட்டிக்கொண்டிருந்த மனிசனின் புருவ மயிர் தெரிந்தது.

"இது தாங்கோ."

சாஹுல் ஹமீட் தலையாட்டவில்லை. "பொறுங்க. மண்டபத்துக்குள்ள இருட்டு. இது நீட்ட லென்ஸ், வெளிச்சம் வாங்கிறதில சரியான கஞ்சன். ஆளை இம்மட்டுக்குக் கிட்டக் கொண்டந்து எடுத்தா கை கொஞ்சம் ஆடினாலும் படம் கலங்கிப் போயிரும். இருட்டுக்கெண்டு வாற வேகமான பிலிம் போட்டு, எங்கயாவது சாஞ்சு நிண்டுதான் எடுக்கோணும். எதுக்கு இந்தப் பாடு? ரெண்டு எட்டு முன்னுக்குப் போனா முடிஞ்சுது."

"சாயிறதுக்குத் தூண் இருக்கு."

"ஆர்ர கலியாணம்?"

"என்ர மகளின்ர."

"அட, சொந்த மகள்ற கலியாணத்துக்கா…" என்று தொடங்கியவர் அவளின் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். குழல் இறங்காமல் இருக்க ஒரு றப்பர் பட்டியைத் தேடி எடுத்து மாட்டிக்கொடுத்தார். அந்த இரக்கம் ஜெயந்தினிக்கு எரிச்சலாய் இருந்தது. உறையில் போடக்கூட நிற்காமல் லென்ஸைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வெளிக்கிட்டாள்.

கலியாணத்தன்று தூணில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றாள். லென்ஸ் வஞ்சகம் செய்யவில்லை. தாரைவார்க்கிற இடத்தில் தம்பி சிங்கராசாவும் பெஞ்சாதி நிறஞ்சலாவும். நிறஞ்சலாவுக்குத் தண்ணி வார்க்கிறதைவிடத் தன் சீலை நனையக்கூடாதென்ற கவலைதான் பெரிது, அதுவும் தெரிந்தது. கிருஷாந்தினி கூறை மாற்றிக்கொண்டு வந்தாள். மூக்கு நுனியில் வேர்வை. துடைச்சுவிட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை வீட்டார் பிடித்த வவுனியாக் கமராக்காரர் எல்லாரும் எழும்பி முன்னுக்குப் பாய்ந்தார்கள். பாழ்படுவார்! ஜெயந்தினிக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். அரை அடி அரை அடியாய் நகர்ந்து பார்த்தாள், கழுத்தை நீட்டினாள். ஒரு முதுகு குனிந்த இடைவெளியில் மகளின் முகம் வந்தது, தாலி கழுத்தில் ஏறி முடிகிற நேரம். எவ்வளவு வடிவாய் இருந்தாள் பிள்ளை! ஜெயந்தினி படத்தை எடுத்துவிட்டுக் கமராவுக்குப் பின்னாலேயே அழுதாள். கண்ணைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, திரும்பவும் பார்த்தாள். இனிப் போதும், வந்த காரியம் முடிந்தது என்று போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

சனம் வரிசையாய் ஏறி அறுகரிசி போட்டு வாழ்த்தியது. மாப்பிள்ளையின் சின்னம்மா ஒருத்தி, நோர்வேயிலிருந்து முதல்நாள்தான் வந்து இறங்கியவள், கிருஷாந்தினியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். பிறகு தூணடிப் பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டாள்.

கிருஷாந்தினி திரும்பினாள். நேரே லென்ஸுக்குள் பார்த்தாள். கண்டிட்டாள், என்ர பிள்ளை என்னைக் கண்டிட்டாள்! ஜெயந்தினி கையைத் தூக்கிக் காட்ட உன்னினாள்.

கிருஷாந்தினி பக்கத்தில் நின்ற மாமியாரை ஒருக்காப் பார்த்தாள். பிறகு கேட்டவளிடம், முகத்துக்கு நேரே இரண்டு கையையும் பிடித்து, சுட்டுவிரலை மடக்கிக் காட்டினாள்.

படம் எடுக்கிற ஆளாம்.

வெறுங்கண்ணால் பார்த்திருந்தால் அது தெரிந்திராது. அந்த விரலில் போட்டிருந்த மோதிரம் வரைக்கும் தெரிந்தது.

நோர்வேக்காரிக்கு நல்ல சந்தோசம். கிருஷாந்தினியின் தோளில் கையைப் போட்டு, இஞ்சயும் ஒண்டு எடுங்கோ என்று தூணடியைப் பார்த்துக் கூப்பிட்டாள். கிருஷாந்தினியும் நாடியை உயர்த்தி, தோளை நிமிர்த்திச் சிரித்தாள்.

ஜெயந்தினி குழலை இழுத்து இரண்டு பேரையும் சட்டத்துக்குள் எடுத்தாள். மகளின் கண் தெளிவாய் வரும்வரை வளையத்தைத் திருகினாள். அமத்தினாள். பிறகு, எடுத்தாச்சு என்று கையைக் காட்டினாள். அவர்கள் அடுத்த ஆளின் பக்கம் திரும்பினார்கள்.