எழுதாமல் விட்ட பதினெட்டுப் பேர்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்கழி மாதம் நடந்தது இது. நான் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு நாகல் நகரில் எங்கள் வீட்டில் சும்மா இருந்தேன். திண்டுக்கல் அப்போது நாலு பக்கமும் வளர்ந்துகொண்டிருந்தது. கடலையும் சோளமும் விளைந்த காடுகளில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை நட்டு, ஏதாவது ஒரு ‘நகர்’ என்று பெயர் வைத்து பிளாட் போட்டு விற்றார்கள். வீடுகள் வந்துவிடும். பஸ் மட்டும் வராது.

அந்தச் சமயத்தில் வெளியூர் தனியார் நிறுவனம் ஒன்று எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தது. டவுனையும் சுற்றி வளரும் பகுதிகளையும் இணைத்து லைட் ரயில் விட முடியுமா என்று ஒரு திட்டம் தயாரிக்க வந்தவர்கள் அவர்கள். லைட் ரயில் என்றால் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. அங்கிருந்த என்ஜினீயர் ஒரு வெளிநாட்டுப் படத்தைக் காட்டி விளக்கினார். ரயிலைவிடச் சின்னது, பஸ்ஸைவிடப் பெரியது, ரோட்டை ஒட்டியே தண்டவாளம். தளம் தாழ்வாக இருக்கும், படியேற வேண்டியதில்லை. டவுன் பஸ்ஸே நேரத்துக்கு வராத ஊரில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று வெளியே வந்து சிரித்துக்கொண்டோம். ஆனாலும் எனக்கு அது முதல் வேலை. வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்வதே பெருமையாக இருந்தது.

எங்களுடைய வேலை ஆட்களை எண்ணுவது. கொடுத்த இடத்தில் உட்கார்ந்து, அந்த வழியாக யார் நடந்து போகிறார்கள், யார் சைக்கிளில், யார் பஸ்ஸில் என்று அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டமாகக் கோடு போட வேண்டும். எனக்குக் கன்னிவாடி ரோட்டில் ஓர் இடம் கொடுத்தார்கள். அங்கிருந்து ஒரு மண்பாதை பிரிந்து, இரண்டு மைல் தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊருக்குப் போகும். அந்த ஊர்ப் பக்கம் ரயில் நிற்க ஓர் இடம் வேண்டுமா, வேண்டாமா என்பதை நான் போடும் கோடுகளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள் என்று என்ஜினீயர் சொன்னார்.

“காலைல நாலு மணிக்கெல்லாம் அங்க இருக்கணும்மா. மூணு நாள்தான். பகல்ல போறவங்கள யார் வேணா பார்த்துடலாம். விடியறதுக்கு முன்னாடி போறவங்கதான் முக்கியம்” என்றார்.

சரி என்று தலையாட்டினேன். என் அண்ணன் மொபெட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தான். சொன்னபடி முதல் நாள் எழுப்பவும் செய்தான்.

“ஏய், மணி மூணேகால். எந்திரி, வா போவோம்.”

பனி அப்படி இறங்கிக்கொண்டிருந்தது. போர்வையை விலக்கவே மனசு வரவில்லை. “செத்த நேரம் கழிச்சுப் போவோம்ணே” என்றேன். அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இரண்டு பேரும் தூங்கிவிட்டோம். நான் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. நாலிலிருந்து ஆறரை வரை ஐந்து கட்டங்கள் காலியாக இருந்தன. எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டால் சந்தேகம் வரும் என்று தோன்றியது. அதனால் ஒன்றில் இரண்டு கோடு, ஒன்றில் மூன்று, மற்றதில் ஒன்றுமில்லை என்று நிரப்பினேன். இந்தக் குளிரில் அந்த நேரத்துக்கு யார் நடக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மறுநாளும் ஆறரைக்குத்தான் போனேன்.

அந்த இரண்டாம் நாள் காலை எட்டு மணி இருக்கும். டவுன் பக்கமிருந்து ஓர் அம்மா நடந்து வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். இடுப்பில் காலிக் கூடை. நான் உட்கார்ந்திருந்த சின்னப் பாலத்தின் சுவரில் மூச்சு வாங்கியபடி வந்து உட்கார்ந்தார்.

“என்ன தாயி, ரோட்டைப் பாத்து எழுதிக்கிட்டு இருக்க?”

ரயில் விடப்போகிறார்கள், அதற்காக ஆட்களை எண்ணுகிறேன் என்றேன்.

“ரயிலா? இங்கிட்டா?” என்று சிரித்தவர், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார். “அப்ப எங்களையும் எழுதிக்கிட்டயா? பதினெட்டுப் பேரு போறோம். முந்தின நாளு பறிச்ச செவ்வந்தியும் சம்பங்கியும் தலைல வச்சுக்கிட்டு நாலரைக்கு இந்த எடத்தைத் தாண்டுவோம். விடியுறதுக்குள்ள பூ மார்க்கெட்டுக்குப் போயிரணும்ல.”

திரும்பி வரும்போது மற்றவர்களை ஏன் காணவில்லை என்று மட்டும் கேட்டேன். பூவைப் போட்டுவிட்டு அவர்கள் நேரே வெங்காயக் கடைகளுக்குத் தரம் பிரிக்கப் போய்விடுவார்களாம். வீடு திரும்ப இருட்டிவிடும். நான் சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துக் கிளம்பிவிடுவேன். ஆக, போகும்போதும் சரி, வரும்போதும் சரி, அந்தப் பதினேழு பேரையும் நான் பார்க்க வழியே இல்லை. இவர் மட்டும் எட்டு மணிக்குத் திரும்புவதற்குக் காரணம் இருந்தது. அவருடைய கணவர் தென்னை மரம் ஏறுகிறவர். ஆடி மாதம் மரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்திருந்தார். இவர் போய்த்தான் அவரைத் திருப்பிப் படுக்கவைத்துக் கஞ்சி கொடுக்க வேண்டும்.

“ஆசுபத்திரில வாரத்துக்கு மூணு நாளு கூட்டியாரச் சொன்னாக. காலுக்கு என்னமோ பயிற்சி குடுக்கணுமாம். ஒரு வருசம் விடாமக் குடுத்தா கம்பு ஊண்டியாவது நடக்க வச்சிரலாம்னாக. மாட்டு வண்டில கூட்டிப் போனா அந்தக் குலுக்கல்ல மனுசன் துடிக்கிறாரு தாயி. இந்த ரயிலுக்குப் படி ஒசரமா இருக்குமா?”

“இல்லக்கா. தரையோட தரையாத்தான் இருக்கும். அப்படியே உள்ள வச்சுரலாம்.”

“எங்க ஊரு ஆளுக ஏற இங்ஙன நிக்குமா?”

“நிக்கும்க்கா.”

“எங்க பதினெட்டுப் பேரையும் எழுதிட்டீல்ல?”

“எழுதிட்டேன்க்கா.”

இன்றும் அந்த இடத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது. என் கையில் இருந்த தாளில் நாலரை மணிக் கட்டத்தில் இரண்டே கோடுகள்தான் இருந்தன. அவர் எழுந்து போனதும் அதை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று போட்டிருக்கலாம். ஆனால் முதல் நாள் தாளை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். அதில் மூன்று என்று இருந்தது. ஒரே இடத்தில் ஒருநாள் மூன்று, மறுநாள் பதினெட்டு என்றால் கேள்வி வரும். கேள்வி வந்தால் நான் தூங்கியது தெரிந்துவிடும். மூன்றாம் நாளாவது நாலு மணிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. முதல் இரண்டு நாளோடு ஒத்துப்போகிற மாதிரியே மூன்றாம் நாளையும் நிரப்பினேன்.

என்ஜினீயர் மூன்று தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். “மூணு நாளும் ஒரே மாதிரி இருக்கே, நல்லா பண்ணியிருக்கம்மா” என்று பாராட்டினார்.

இரண்டு மாதத்தில் அந்த நிறுவனம் வேலையை முடித்து, கணக்கையெல்லாம் அரசு ஆபீசில் ஒப்படைத்துவிட்டு மாடியைக் காலி செய்தது. நாங்கள் நினைத்தபடியே ரயில் வரவில்லை. திட்டம் காகிதத்தோடு நின்றுபோனது. உண்மையைச் சொன்னால், அது எனக்கு நிம்மதியாக இருந்தது. வராத ரயிலுக்கு நான் என்ன எழுதினால் என்ன, யாருக்கும் நஷ்டமில்லை என்று அதை மறந்தும்போனேன். பிறகு ஒரு கட்டட கான்டிராக்டரிடம் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆனது.

சில வருடங்கள் கழித்து எங்கள் பக்கம் மினி பஸ்கள் ஓட ஆரம்பித்தன. கன்னிவாடி ரோட்டில் ஒரு வீட்டு வேலையைப் பார்க்க ஒருநாள் சாயங்காலம் அப்படி ஒரு மினி பஸ்ஸில் போனேன். அந்த மண்பாதை பிரிகிற இடம் வந்ததும் பஸ் நின்று, உள்ளே போகாமல் அப்படியே திரும்பியது. எல்லோரும் இறங்கினோம். இறங்கியவர்களில் ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “ரயிலுக்கு ஆள் எழுதுன பிள்ளைதான நீயி?” என்றார். அவரேதான். முன்னைவிட மெலிந்திருந்தார்.

பஸ் ஏன் ஊருக்குள் போகவில்லை என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

“நாங்களும் ஆபீசுல போயிக் கேட்டோம் தாயி. ரயிலுக்குன்னு எடுத்த பழைய கணக்கு இருக்காம்ல, அதைப் பாத்துத்தான் பஸ்சு எதுவரைக்கும்னு முடிவு பண்ணுனாகளாம். அதுல எங்க ஊருல இருந்து ஆளே போறதில்லன்னு இருக்காம்” என்றார்.

பேச்சை மாற்றி அவர் கணவரைப் பற்றிக் கேட்டேன்.

“படுத்தேதான் இருக்காரு. கொஞ்ச நாளு வண்டில கூட்டிப் போனேன். முடியல, விட்டுட்டோம். இப்ப காலு ரெண்டும் மடங்கிப் போச்சு. இனிமே பயிற்சி குடுத்தாலும் வராதுன்னுட்டாக.”

அவரிடம் உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அதற்குள் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“உன்னைக் குத்தம் சொல்லல தாயி. எழுதிட்டேன்னு எம் மனசு நோகாமச் சொல்லியிருப்ப, பாத்ததத்தான எழுத முடியும். நாங்க இருட்டோட போயிட்டோம். நான் அன்னைக்கே எங்க ஆளுககிட்டச் சொன்னேன், நாளைக்கு ஒருநா வெளிச்சம் வந்தப்பறம் போவோம், அந்தப் பிள்ளை கண்ணுல படட்டும்னு. நேரமாயிட்டா பூவு விலை போகாதுன்னுட்டாளுக. எங்க மேலதான் தப்பு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. “அப்படியாக்கா” என்றுகூடச் சொல்லவில்லை. அவர் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “வாரேன் தாயி” என்று சொல்லிவிட்டு அந்த மண்பாதையில் நடக்க ஆரம்பித்தார். இரண்டு மைல். பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். அந்த ஊரிலிருந்து தினமும் பலர் டவுனுக்குப் போகிறார்கள், பஸ்ஸை உள்ளே விட வேண்டும் என்று ஒரு மனு எழுதிப் போட்டேன். பழைய கணக்கு பொய், அதை எழுதியவள் நான்தான் என்று அதில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஏற்கெனவே எடுக்கப்பட்ட பயணிகள் கணக்கின்படி அந்த ஊரிலிருந்து போதிய ஆட்கள் பயணம் செய்வதில்லை என்று இருந்தது. நான் போட்ட கோடுகளே எனக்குப் பதிலாக வந்திருந்தன. அந்தக் கடிதத்தைக் கணவரிடம்கூடக் காட்டவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த மண்பாதை தார் ரோடானது. அதற்கப்புறம் பஸ்ஸும் ஊருக்குள் போகத் தொடங்கியதாகக் கேள்விப்பட்டேன். அது என் மனுவால் நடந்ததில்லை. அந்த ஊர்க்காரர்கள் விடாமல் அலைந்து வாங்கியது. ஒருமுறை அந்த பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்வரலாம் என்று கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுவரை போய்விட்டு, அவர் வீட்டுக்குள் படுத்திருக்கிற மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று பயந்து திரும்பி வந்துவிட்டேன்.

தூங்கியது சின்ன வயசுத் தப்பு என்று யாராவது சொல்லலாம். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதைவிட, அவர் தன்மேல் போட்டுக்கொண்ட பழியை அவரிடமே விட்டுவிட்டு வந்தேனே, அதுதான் நெஞ்சைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது. இப்போது இதை எழுதியதால் மனசு லேசாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேனோ என்ற சந்தேகம் எனக்கே இருக்கிறது.