ஒரு பக்கம் தீட்டிய கத்தி

கன்னையா ஆசாரிக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாது என்பது ஊர் முழுக்கத் தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. ஏரிக்கரையில் வருகிற ஆளை இங்கிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கையில் கடிதத்தைக் கொடுத்தால் மட்டும், "நீயே படிச்சிடு திருவேங்கடம், கையெல்லாம் மரத்தூளு" என்பார். குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் மரத்தூள்தான். நான் அந்த ஊர்த் தபால்காரன். இந்தப் பொய்யைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாதவனா நான்?

ஆந்திரா தனியாகப் பிரிந்த வருஷம் அவருக்கு வெள்ளெழுத்து வந்தது. சத்தியவேட்டுப் பக்கத்து எங்கள் ஊர் அப்போது சென்னையோடுதான் இருந்தது. பென்சிலால் போட்ட கோடு அவர் கண்ணுக்கு மரத்தின் நிறத்தோடு கலந்துவிடும். கோட்டை விட்டு அரை விரல் தள்ளி அறுத்து இரண்டு வேங்கைச் சட்டங்களை வீணாக்கினார். மூன்றாவதை எடுத்தபோது அவர் மனைவி தாட்சாயணி பென்சிலைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள்.

பிறகு அவள் ஒரு கத்தி செய்துகொண்டாள். உடைந்த ரம்பத் துண்டுதான். அதைச் சாணைக்கல்லில் ஒரு பக்கம் மட்டும் தீட்டினாள். தட்டையான பக்கம், கோணம் பார்க்கும் மூலைமட்டத்தோடு ஒட்டி நிற்கும், கூர் மரத்தில் இறங்கும். கோடு பென்சில் தடமாக இல்லாமல் வெட்டாக விழும். கன்னையா கட்டைவிரல் நகத்தை அதில் ஓட்டிப் பார்ப்பார். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே உளியை வைப்பார். கண் செய்ய வேண்டிய வேலையை நகம் செய்தது. கோலம் போட்டுப் பழகிய கை என்று யாரும் கதை கட்டிவிடாதீர்கள். அவள் வாசலில் போடும் கோலம் கண்றாவியாக இருக்கும். மரத்தில் மட்டும் அந்தக் கை பிசகாது.

ஏழு வருஷம் இப்படியே நடந்தது. ஊரில் முக்கால்வாசிக் கதவுகள் அவள் கோட்டில், அவர் வெட்டில் வந்தவை. பெயர் என்னவோ அவருக்குத்தான். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கத்தி இடுப்பில் இருந்தால் போதும், மகாராணி மாதிரி நடப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் எங்கள் ஊரை ஆந்திராவோடு சேர்த்தார்கள். எல்லைக் கல் நட சித்தூரிலிருந்து ஒரு சர்வேயர் வந்தார். அவருடைய அளவுப் பலகை விரிசல் விட்டிருந்தது. சரிசெய்யக் கன்னையாவிடம் கொண்டுவந்தார். தாட்சாயணி கோடு கிழித்ததையும் கன்னையா நகத்தால் தடவியதையும் பார்த்துக்கொண்டே நின்றார். நாள் முழுக்கக் கோடு போடுகிற மனுஷன் அல்லவா, குனிந்து அந்த வெட்டைப் பார்த்தார்.

"அம்மா, கீத பாகுந்தி. கோடு ரொம்ப நல்லா கீது" என்றார். பிறகு கன்னையாவிடம் திரும்பி, "மேஸ்திரி, உங்களுக்கு வெள்ளெழுத்து. திருப்பதி போய் ஒரு கண்ணாடி வாங்குங்க. நீங்களே கோடு போடலாம்" என்றார்.

நல்லது சொன்னார். ஆனால் தாட்சாயணி முகத்தைப் பார்த்தபோது எனக்கு அவர் மேல் கோபம் வந்தது.

மறுநாள் தபால் கொடுக்கப் போனபோது அவள் தனியாக இருந்தாள். "அண்ணா, நீ அவர இட்டுக்கினு போ" என்றாள்.

"போகலாம். நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"அவருக்குக் கண்ணு தெரியணும். தெரிஞ்சா இந்தக் கத்தி அவரு கைக்குப் பூடும். அப்புறம் எனக்கு அடுப்பும் சட்டியும்தான். ரெண்டும் வேணும்னு கேட்டா பேராசைதானே?"

பேராசை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன பயன்? ஒரு நாள் லீவு போட்டேன்.

புத்தூர் வழியாகப் பஸ்ஸில் திருப்பதி போனோம். கடைக்காரர் ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டிவிட்டுத் தெலுங்குப் பஞ்சாங்கம் ஒன்றைக் கையில் கொடுத்தார். நாலாவது கண்ணாடியில் கன்னையா எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். அவருக்குத் தெலுங்கு படிக்க வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். திரும்பும் வழியெல்லாம் பஸ் டிக்கெட்டைப் படித்துக்கொண்டு வந்தார். மலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

சாயங்காலம் ஊரில் இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? போகவில்லை. அப்பாவு நாயக்கர் வீட்டுக் கதவின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். சட்டத்தின் முனை இன்னொரு சட்டத்துக்குள் இறங்கிய இடத்தில், இழைப்புக்குத் தப்பி, அவள் கத்திக்கோடு தலைமயிர் போல மிச்சம் இருந்தது.

"ஏழு வருசமா தடவிக்கினே கெடந்தேன். இன்னிக்குதான்யா பாக்கறேன்" என்றார். 

அங்கிருந்து கங்கம்மா வீடு, அப்புறம் இன்னும் நாலு வீடு. கதவு திருட வந்தவனைப் பார்ப்பது போல ஜனங்கள் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. கடைசியாக, போன மாசம் ரங்கையா வீட்டுக்குச் செய்த கதவு. அங்கே நெடுநேரம் குனிந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நகத்தால் தடவினார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இங்க கோடு ரெண்டா கீது."

நானும் பார்த்தேன். ஒரு வெட்டு, அதை ஒட்டி இன்னொரு வெட்டு. முதல் கோடு சரியாக விழுந்ததா என்று தெரியாமல் மறுபடி கிழித்த கோடு.

"கொஞ்ச நாளாவே நகத்துல ரெண்டு தட்டு தட்டிச்சி. நகம்தான் தேஞ்சி போச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தார்.

வேலைப் பலகையின் மேல் கத்தி இருந்தது. தீட்டி, எண்ணெய் தடவி, சுத்தமான துணியில் வைத்திருந்தாள். தாட்சாயணி கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"வந்துட்டீங்களா? எடுத்துக்கோங்க. கூரு நல்லா கீது" என்றாள்.

கன்னையா கத்தியை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி அவள் காதில் மாட்டினார். முந்தின நாள் அவள் கிழித்துவைத்திருந்த சட்டத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் குனிந்தாள். இரட்டைக் கோட்டைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்பத்திலிருந்து?" என்று கேட்டார்.

"பொங்கலுக்கு முன்னாலிருந்து."

"ஏன்மே சொல்லல?"

"சொன்னா கத்தி பூடுமே" என்றாள். அழுதுவிட்டாள்.

அவர் புதுச் சட்டம் ஒன்றை எடுத்து மூலைமட்டத்தை அதன் மேல் வைத்தார். "எனக்கு நகம் கீது. நீ கோட்டப் போடு" என்றார்.

மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கத்தியை இழுத்தாள். கன்னையா கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார்.

"ஒண்ணுதான்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை யாரும் பார்க்காதபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அதற்குப் பிறகும் அவர் வீட்டுக்கு வருகிற கடிதத்தை நான்தான் படிக்கிறேன். ஆனால் மரத்தூள் கதை கிடையாது. "நீயே படிச்சிடு திருவேங்கடம், கண்ணாடி அவகிட்ட கீது" என்பார், தெருவுக்கே கேட்கும்படி.