அம்மாவின் காதைப் பொத்தும் வேலை

சங்கு ஊதினால் சாவு. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயிலில் ஊதினால் அது சாமிக்கு. தெருவில் ஊதினால் யாரோ போய்விட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

கல்கத்தாவில் விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் சங்கு ஊதுவார்கள் என்று அப்பா எங்களிடம் சொல்லவில்லை. எங்களை அழைத்துக்கொள்வதற்கு ஒரு வருஷம் முன்பே அங்கே போனவர். கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் தந்தி குமாஸ்தா. நாள் முழுக்க ‘கட், கடகட’ என்று வருகிற சத்தத்தைக் கேட்டு ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதிவைக்கிறவர். வீட்டில் ஒருத்தி பேசுவது மட்டும் அவர் காதில் ஏறாது.

பவானிபூரில் ஒரு சந்தில் எங்களுக்குக் கீழ்வீடு. மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். வந்து இறங்கிய அன்று அப்பாவுக்கு இரவு வேலை. பெட்டிகளை இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். மாடியில் சங்கு ஊதியது.

அம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். “வந்த அன்னைக்கேவா? யாரோ பெரிய தலை போலிருக்கு” என்றாள். நான் அழுததற்கு முதுகில் ஒன்று வைத்தாள். இரண்டு பேரும் பட்டினி.

விடிந்ததும் துக்கம் கேட்கப் போகாமல் இருக்க முடியுமா? அம்மா கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு மாடியேறினாள். கதவைத் திறந்தது வீட்டுக்கார அம்மாள். வாய் நிறைய வெற்றிலை. அம்மா அவளைக் கட்டிப்பிடித்து, “என் தாயே, ஒன்ன இப்படித் தனியா விட்டுட்டுப் போயிட்டாவளே!” என்று எடுத்த எடுப்பில் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். அந்த அம்மாளின் புருஷன் பின்னால் நின்று முழு உயிரோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பாஷை புரியாவிட்டாலும் ஒப்பாரி எல்லோருக்கும் புரியும். வீட்டுக்கார அம்மாள் அம்மாவைப் பிடித்துத் தள்ளினாள். நாங்கள் இறங்கிய படிகளில் மேலிருந்து கீழ்வரை கங்கா ஜலம் தெளித்தாள். அன்று சாயங்காலம் மறுபடியும் சங்கு. “ஏட்டி, இன்னொன்னா?” என்றாள் அம்மா.

அப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அப்போது அவளுக்கு ஏழு மாதம். எனக்குப் பிறகு பிறந்த இரண்டும் பிறந்த வாரமே போய்விட்டன. இந்த ஒன்றாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை. விஷயம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடுமா? தினமும் தலைக்குமேல் சாவுச்சங்கு. வீடு மாற்றச் சொன்னாள்.

“எந்தத் தெருவுக்குப் போனாலும் ஊதத்தான் செய்வான். கல்கத்தாவையே மாத்தச் சொல்லுதியா?” என்று சொல்லிவிட்டு அப்பா டிராம் ஏறிப் போய்விட்டார். அதோடு முடிந்தது அவர் பங்கு.

அதனால் எனக்கு ஒரு வேலை வந்தது. விளக்கு வைத்ததும் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். நான் பின்னால் நின்று அவள் காதுகள் இரண்டையும் உள்ளங்கையால் அழுத்திப் பொத்த வேண்டும். சங்கு நின்றதும் கையை எடுக்க வேண்டும். என் காதைப் பொத்த யாருமில்லை. ஆகவே தினமும் முழுதாகக் கேட்டவள் நான்தான்.

கேட்டுக் கேட்டு, ஊதுவது யார் என்று தெரிந்துபோயிற்று. வீட்டுக்கார அம்மாள் ஊதினால் நடுவில் மூச்சு உடைந்து பீறிடும். அவள் மருமகள் ஊதினால் நூல் பிடித்த மாதிரி ஒரே சீராக வந்து மெல்ல அடங்கும். அவளைச் சந்துப் பிள்ளைகள் எல்லோரும் பௌதி என்பார்கள். அங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவது. அவளுக்கு இரண்டும் பெண்கள். அவர்களோடு விளையாடித்தான் எனக்கு வங்காளம் வந்தது.

ஒரு நாள் கையை எடுத்துவிட்டு, “பௌதிக்குச் சளிம்மா” என்றேன்.

“ஒனக்கு யாரு சொன்னா?”

“சங்கு கரகரங்குது. ரெண்டு தடவ விட்டு விட்டு ஊதுதா.”

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மறுநாள் விளக்கு வைத்ததும், “ஒரு காத மட்டும் பொத்துட்டீ” என்றாள். கேட்டாள். “ஆமா, நெஞ்சுச்சளிதான்” என்றாள். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்து, மாமியார் கண்ணில் படாமல் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். பௌதி முகத்தைக் கோணிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

அதன் பிறகு மாமியார் மத்தியானம் தூங்கும்போது பௌதி கீழே வர ஆரம்பித்தாள். அம்மா தமிழில் பேசுவாள், அவள் வங்காளத்தில் பேசுவாள். என்னிடம் ஒரு நாள் சொன்னாள்: “உன் அம்மா காலையில் அரைக்கிற கல் எனக்கு மேலே கேட்கும். கோபம் என்றால் வேகமாக ஓடும். அழுதிருந்தால் நடுநடுவே நிற்கும்.”

நான் இதைத் தமிழில் சொன்னதும் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “வேவு பாக்காளா?” என்று மறுநாள் காலையில் அம்மியில் சத்தமில்லாமல் பூப்போல அரைத்தாள். ஈரத்தலையோடு பௌதி ஓடிவந்து, உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கட்டின புருஷன் ஒரு நாளாவது அப்படித் தொட்டுப் பார்த்ததுண்டா?

வலி கண்டதும் ஒரு காலை வேளைதான். அம்மியில் தேங்காய் பாதி அரைந்திருந்தது. கல் நின்றது. நான் அப்பாவைத் தேட வாசலுக்கு ஓடுவதற்குள் பௌதி படியிறங்கிவிட்டாள். மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பினாள், வெந்நீர் போட்டாள், அம்மாவின் கையைக் கடைசிவரை விடவில்லை. உச்சிப்பொழுதுக்குக் குழந்தை பிறந்தது. பெண். ஊரே கேட்கிற மாதிரி அழுதது.

பௌதி மாடிக்கு ஓடிப் போய்ச் சங்கை எடுத்துக்கொண்டு வந்தாள். குழந்தை பிறந்தால் அங்கே ஊதுவார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறேன். உடனே அம்மாவின் தலைமாட்டில் போய் நின்றுகொண்டேன், காதைப் பொத்த. பௌதி சங்கை வாயில் வைத்தாள். மாடிப்படியிலிருந்து மாமியார் ஒரே ஒரு சொல் சொன்னாள். “மேயே.” பௌதி சங்கை இறக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அம்மா அழுதுவிட்டாள். “பாத்தியாட்டீ? எனக்குப் பயமின்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்காவ ஊதாம இருக்கா” என்று பௌதியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கும் பெருமையாக இருந்தது. பௌதி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

மேயே என்றால் பெண். சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியும். பிறந்தது என்னவென்று அந்த அம்மாள் எல்லோருக்கும் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆண் பிறந்தால்தான் அந்த வீட்டில் சங்கு என்பதும், பௌதிக்கு இரண்டு தடவையும் யாரும் ஊதவில்லை என்பதும் எனக்குத் தெரியவந்தபோது எனக்கே கல்யாணமாகிவிட்டது. யார்மேல் ஆத்திரப்படுவது? நம் ஊரில் மட்டும் பெண் பிறந்தால் சர்க்கரையா கொடுத்தார்கள்? ஆபீசிலிருந்து வந்த அப்பா, “சரி, இதுவாவது தங்கட்டும்” என்றார். அதுதான் என் தங்கைக்குக் கிடைத்த வரவேற்பு.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்தாயிற்று. நான் வழக்கம்போல அம்மாவின் காதருகே கையைக் கொண்டுபோனேன். அவள் இரண்டு கைகளையும் விலக்கிவிட்டாள். மாடியில் சங்கு ஊதியது. பௌதிதான். நின்றது என்று நினைத்தால் மறுபடி எழும்பியது. இன்னும் நீளமாக, இன்னும் உரக்க, மூச்சு முட்டுகிற மட்டும் ஊதினாள். மாமியார் ஏதோ கத்துவது நடுவில் கேட்டது. அதற்கும் நிற்கவில்லை. தங்கை விழித்துக்கொண்டு, அழாமல் மேலே பார்த்தாள்.

“ஏம்மா இன்னைக்கு இம்புட்டு நேரம் ஊதுதா?” என்று கேட்டேன்.

அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“சளி நல்லா விட்டுப்போச்சுட்டீ அவளுக்கு” என்றாள்.