வெர்னோனியாவிடம் நான் பட்ட பாடு

செடிகளுக்குப் படம் போடுகிற தொழிலில் செடியால் வரும் தொல்லை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மனிதர்களால் வருவது. செய்து முடித்த வேலையையே மறுபடி செய்யச் சொல்லும் மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்டவர்கள், யாரோ கெடுத்த காரியத்துக்குத் தாங்கள் போய்க் கைகட்டி நின்றவர்கள் இருந்தால், உங்களிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் எங்களுடையது விவசாயக் குடும்பம். நான் மட்டும் டிராயிங் பரீட்சை தேறி, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுத்த ஞானமுத்து என்ற திருநெல்வேலிக்காரரிடம் படம் போடச் சேர்ந்தேன். அவருக்கு வெர்னோனியாவின் மேல் பைத்தியம். சூரியகாந்திக் குடும்பத்தில் ஒரு பெரிய கூட்டத்துக்கு லத்தீனில் அப்படிப் பெயர். வயல் வரப்பில் கணுக்கால் உயரத்துக்கு முளைக்கிற நெய்ச்சட்டிக்கீரையும் அந்தக் கூட்டம். மலையில் ஆளை மறைக்கும் புதராக நிற்பதும், கோடாலி போட்டு வெட்டும்படி மரமாக வளர்வதும் அதே கூட்டம். நம் மலைகளில் உள்ள வகைகளையெல்லாம் படத்தோடு ஒரு புத்தகமாகப் போட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசைக்கு நான் கை.

மாமனார் வந்தார்

லீவில் ஊருக்கு வந்தாலும் வேலை விடாது. ஒரு நாள் வீட்டு வாசலில் நெய்ச்சட்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வரைந்துகொண்டிருந்தேன். நம் கண்ணுக்கு ஒரு பூவாகத் தெரிவது உண்மையில் ஒரு பூ அல்ல. குட்டிக் குட்டியாக ஊதா நிறத்தில் பல பூக்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு. ஒவ்வொன்றையும் ஊசியால் பிரித்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, பெரிதாக்கிப் போட வேண்டும். மூச்சு விட்டால் பறந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து மாமனார் வண்டியைவிட்டு இறங்கினார். டம்ளரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தோள்துண்டை உதறினார். அந்தக் காற்றிலேயே பாதிப் பூ போய்விட்டது. உள்ளே என் மனைவி காப்பி கலந்துகொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னார்: "ஏனுங் மாப்ளே, இதைப் புடுங்கிப் போடறதுக்கு நாங்க ஆள் வெச்சிருக்கறோம். இதை எழுதி வெக்கறதுக்கு உங்களை வெச்சிருக்கறாங்களாக்கும்!"

ஒன்று மூன்றானது, மூன்று ஒன்றானது

வெர்னோனியாவில் ஒரு வகையை இன்னொரு வகையிலிருந்து பிரிக்கப் பூவின் அழகு உதவாது. பூங்கட்டின் அடியில் ஓடு வேய்ந்தது போல் அடுக்கியிருக்கும் செதில்கள், விதையின் மேல் ஓடும் வரிகள், விதை பறப்பதற்கு அதன் தலையில் இருக்கும் ரோமம், இலையின் அடிப்புறத்துப் பஞ்சு, இவற்றை வைத்துத்தான் சண்டை. நெல்லியாம்பதி மலையில் கிடைத்த ஒரு புதரை ஒரே படமாகப் போட்டு முடித்திருந்தேன். பேராசிரியர் செதில்களை உற்றுப் பார்த்தார். ஒன்றில் நுனி கூர்மை, ஒன்றில் மழுக்கல், ஒன்றில் நுனி வெளியே வளைந்திருக்கிறது. ஆகவே மூன்று வகை என்றார். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து மூன்று படம் போட்டேன். கண் எரிச்சலுக்கு இரவில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு படுத்தேன்.

படங்கள் முடிந்த பிறகு சீமையிலிருந்து ஒரு பண்டிதர், வெயிலில் நின்றால் ஒரு மாதிரியும் நிழலில் நின்றால் ஒரு மாதிரியும் செதில் மாறும், எல்லாம் ஒரே வகைதான் என்று எழுதியிருந்தார். பேராசிரியரும் சம்மதித்துவிட்டார். என் மூன்று படங்களும் அலமாரிக்குப் போயின. அப்படியானால் நான் முதலில் போட்டது சரிதானே என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கோவப்படாதேயும் பழனியப்பன், செடி அப்படியேதான் இருக்கு, நாமதான் மாறிட்டோம்."

துரையின் தாராளம்

மலையாள ஆண்டு 1099-இல், இங்கிலீஷ் கணக்கில் 1924-இல், அடித்த தொண்ணூற்றொன்பது வெள்ளம் வடிந்த மறு வருஷம், தை மாதக் குளிரில், உடுமலை வழியாக மறையூர் ஏறி மூணாறு போனோம். பள்ளிவாசல் என்ற எஸ்டேட்டுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் சரிவில், பேராசிரியர் திடீரென்று என் கையைப் பிடித்தார். ஓடைக்கரையில் ஒரே இடத்தில் கும்பலாக ஒரு புதர். இலையின் அடிப்புறம் சுண்ணாம்பு அடித்தது போல் வெள்ளை. செதில்கள் நான் அதுவரை எந்த வகையிலும் வரையாத தினுசு. ஆனால் எல்லாம் மொட்டு. ஒரு பூகூட விரியவில்லை.

பூவும் விதையும் இல்லாமல் புது வகை என்று நிரூபிக்க முடியாது. அந்தச் சரிவையோ அந்த மாசியில் வெட்டி எரித்துத் தேயிலை போட இருந்தார்கள். எஸ்டேட் துரையைப் போய்ப் பார்த்தோம். வேட்டையாடிய தலைகள் சுவரெல்லாம் மாட்டியிருந்த பங்களாவில் நின்றபடியே பேசினோம். பூக்கும்வரை அந்தக் கும்பலை மட்டும் விட்டுவைத்தால் போதும் என்று பேராசிரியர் இங்கிலீஷில் கெஞ்சினார். துரை பலமாகச் சிரித்துத் தலையாட்டினார். வெளியே வந்ததும் எஸ்டேட் கிளார்க் எங்களுக்குத் தைரியம் சொன்னார்: "கவலையை விடுங்க, பூச்செடின்னா துரைக்கு உசிரு!"

எல்லையில் ஒரு சோதனை

பேராசிரியருக்கு மலைக்காய்ச்சல் கண்டது. உடுமலை போகும் வண்டியில் அவரை ஏற்றி, எல்லைவரை கூடப் போய் அனுப்பிவிட்டு நான் திரும்புவதாக ஏற்பாடு. மொட்டோடு ஒரு கிளையையாவது அவர் கையில் கொடுத்தனுப்பலாம் என்று காகிதங்களுக்கிடையில் வைத்துப் பலகையால் இறுக்கிக் கட்டியிருந்தேன். மலையாள சமஸ்தானத்து எல்லைச் சாவடியில் ஒரு சிப்பாய் கட்டை அவிழ்க்கச் சொன்னான். செடி உடைந்துவிடும் என்றேன். "அழிக்கடோ!" என்றான், அவிழ்க்கச் சொல்கிற மலையாளம் அது. வண்டிக்குள் நோயாளி இருக்கிறார் என்றேன். அவனே கத்தியால் கயிற்றை அறுத்தான்.

ஒவ்வொரு காகிதமாக உதறினான். மொட்டுகள் மண்ணில் கொட்டின. கிளையை மோந்து பார்த்தான், கசக்கினான், ஒரு இலையை வாயில் போட்டு மென்று துப்பினான். வண்டிக்குள் பேராசிரியர் போர்வையோடு எழுந்து உட்கார்ந்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் மண்ணில் மண்டியிட்டுப் பொறுக்கினேன், காற்று முந்திக்கொண்டது. சிப்பாய்க்கு என்மேல் உண்மையிலேயே இரக்கம் வந்துவிட்டது: "கஞ்சாவுமல்ல, மருந்துமல்ல, பின்னெ எந்தினாடோ இது சுமந்நு நடக்குந்நது?"

பூச்செடி

திரும்பிப் போய், கங்காணி மாடசாமியின் லயத்து வீட்டில், கூலிகளின் வரிசை வீடுகளில் ஒன்றில், ஒரு மூலையில் தங்கினேன். அவர் மனைவி பேச்சியம்மா எனக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினாள். தினமும் சரிவுக்குப் போய் மொட்டைப் பார்ப்பதும், உயிருள்ள புதரைப் பார்த்து வரைவதும்தான் வேலை. விரல் குளிரில் மரத்துவிடும். ஆனாலும் என் வாழ்நாளில் போட்ட படங்களில் அதுதான் உருப்படியானது என்று அப்போதே எனக்குத் தெரியும். மாசிப் பிறப்பில் மொட்டுகளின் நுனியில் ஊதா எட்டிப் பார்த்தது. நாளை மறுநாள் விரிந்துவிடும் என்று, காயவைக்கப் பழைய பத்திரிகைக் காகிதம் வாங்க மூணாறு கடைத்தெருவுக்குப் போனேன்.

மறுநாள் காகிதக் கட்டோடு ஏறி வரும்போதே புகை தெரிந்தது. சரிவு முழுக்கக் கரி. ஓடையில் சாம்பல் மிதந்து வந்தது. கட்டைக் கீழே போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். அங்கே அதற்குமுன் யாரும் அப்படிக் கத்தியதில்லை போலிருக்கிறது, வாசலில் கூட்டம் கூடிவிட்டது. துரை சத்தியமாகத்தான் உத்தரவு போட்டிருந்தாராம். கிளார்க் அதை அப்படியே சொன்னார்: "பூச்செடியை விட்டுட்டு மத்ததை வெட்டுன்னுதான் உத்தரவு, ஆனா அங்க பூச்செடியே இல்லையேய்யா, வெறும் புதராத்தான இருந்துச்சு!"

ஆபீசில்

கையில் மிஞ்சியது என் படம். காய்ச்சலிலிருந்து எழுந்த பேராசிரியர், படத்தை வைத்தாவது புது வகை என்று ஒத்துக்கொள்வார்களா பார்ப்போம் என்று, அதைத் தாவரச் சேகரிப்பு ஆபீசுக்கு எடுத்துப் போகச் சொன்னார். அங்கே இருந்தவர் எங்கள் பாலக்காட்டுக்காரர், அக்ரஹாரத்து மனிதர். ஊர்க்காரன் என்று பிரியமாக உட்காரவைத்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "பேஷ்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

படம் மட்டும் செல்லாதாம். காய்ந்த கிளை, காகிதத்தில் ஒட்டி, பூவோடு வேண்டுமாம். நான் கண்ணால் பார்த்தேன், நாள் கணக்காக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் என்றேன். மறைத்து வைப்பானேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க உசிரோட பார்த்தேள்னு சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டா, செத்ததைக் கொண்டாங்கோ."

விறகு

அடுத்த வருஷம் யாரும் அனுப்பாமல் நானே போனேன். பேச்சியம்மா மறுபடி மூலையைக் கொடுத்தாள். பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்காக இறங்கி ஏறினேன். வெர்னோனியா கிடைக்காமல் இல்லை. நாலு விரல் அகல இலை, ஊசி இலை, வெளிறிய ஊதா, ரத்த ஊதா, என்னென்னவோ தினுசு. எனக்கு வேண்டியது மட்டும் இல்லை. அட்டை கடித்த கால் வீங்கி, நாளைக்கு மூட்டை கட்டிவிடுவோம் என்ற எண்ணத்தோடு, பேச்சியம்மா விறகு பொறுக்கப் போன பள்ளத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு புதரை இடது கையால் வளைத்து அரிவாளை ஓங்கினாள். வளைந்த கிளையில் இலையின் அடிப்புறம் பளிச்சென்று வெள்ளை. நுனியெல்லாம் ஊதாப் பூ. நான் போட்ட சத்தத்தில் அவள் அரிவாளை எறிந்துவிட்டுப் பாறைமேல் ஏறிவிட்டாள். நான் ஓடைக்குள் விழுந்து எழுந்து போய்ப் புதரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மேலே நின்று மூச்சு வாங்கிக்கொண்டே திட்டினாள்: "ஒரு வெறகுக் குச்சிக்கா இந்தக் கத்து கத்துதீக, பாம்புன்னுல்லா நெனச்சேன்!"

பெயர் வைத்தார்கள்

பூவும் விதையுமாகக் கொண்டு போனேன். இந்தத் தடவை எல்லைச் சாவடியில் கட்டைப் பிரிக்காமலே விட்டார்கள், வேறு சிப்பாய். பேராசிரியர் குதித்தார். செதில், வரி, ரோமம் எல்லாம் பொருந்தியது. புது வகைதான் என்று சீமைப் பண்டிதரும் ஒத்துக்கொண்டார். என் படம் அச்சாகி வந்தது. ஆசையோடு பிரித்தேன். துரையின் பெயரை லத்தீனில் வளைத்து, வெர்னோனியாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. எரித்தவருக்கா என்று கேட்டேன். "அனுமதி கொடுத்தவரு அவருதானவே, அடுத்த தடவையும் அந்த மலைக்குப் போகணும்லா" என்றார் பேராசிரியர். அன்றைக்கு அவர் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மறுபடி பள்ளிவாசல் போனபோது அச்சான படத்தைப் பேச்சியம்மாவிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பெயரை நான் சொன்னேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, படத்தில் இருந்த இலையை விரலால் ஒரு தரம் தடவினாள். துரை உத்தரவின்படி அந்தச் சரிவை வெட்டிய கும்பலுக்குத் தலைவரான மாடசாமி கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எரிச்சவரு பேரை வச்சிட்டீக, அப்ப வெட்டுன எம் புருசன் பேரை எலைக்காவது வைக்கச் சொல்லுங்க!"

செதிலையும் ரோமத்தையும் பார்த்து இத்தனை வகைச் செடியைப் பிரித்து வைக்கிற சாஸ்திரம், எரித்தவன் யார், காத்துக்கிடந்தவன் யார் என்று மனிதர்களைப் பிரிப்பதற்கு மட்டும் இன்னும் ஓர் அடையாளம் கண்டுபிடிக்கவில்லை.