பாலம் கேட்ட பிள்ளை

போன வாரம் பெங்களூர் பொம்மசந்திரா பஸ் ஸ்டாப்பில் ஒரு காட்சி. மேம்பாலத்துக்காகத் தோண்டிய குழியை ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு தொங்கும் அவள் அம்மா வெடுக்கென்று பிடித்து இழுத்தார்.

"அங்க போகாத கண்ணு. பாலம் கட்டறாங்க... புள்ளைய புடிச்சிக் குழியில போட்டுடுவாங்க!"

சிரிப்பு வந்தது. கூடவே என் அத்தானின் ஞாபகமும்.

அத்தான் — அக்காவின் கணவர் — அடுகோடியில் ஒரு கம்பெனியில் பாலம் டிசைன் செய்கிறவர். பெங்களூரில் உட்கார்ந்து கடலோரத்துக்குப் பாலம் வரைவார். தொண்ணூறுகளின் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு முகத்துவாரப் பாலம் அவர் கைக்கு வந்தது. அங்கே ஏற்கெனவே இருந்தது வெள்ளைக்காரன் காலத்துப் பாலம். பஸ் வந்தால் எல்லோரும் இறங்கி நடப்பார்கள்; பஸ் பின்னால் காலியாக ஊர்ந்து வரும். அந்தப் பாலத்துக்குக் கர்ப்பிணி ஒருத்தியைப் பலி கொடுத்ததாக ஊரில் கதை. எந்தப் பாலத்துக்குத்தான் இந்தக் கதை இல்லை?

புதுப் பாலத்தின் சைட்டில் கம்பி திருடு போனது. காண்ட்ராக்டரின் வாட்ச்மேன் பைசா செலவில்லாமல் காவல் போட்டான். "தூணு தலை கேக்குதாம்" என்று டீக்கடையில் ஒரே ஒரு தடவை சொன்னான். அவ்வளவுதான்! திருட்டு நின்றது. அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள்.

இது எதுவும் தெரியாமல் அத்தான் போய் இறங்கினார். மண் சாம்பிள் எடுக்கக் கையில் சாக்குப்பை வேறு! சுற்றி வளைத்துவிட்டார்கள். பதற்றத்தில் அவருக்குக் கன்னடம் வந்து தொலைத்தது. பிள்ளை பிடிக்கிறவன்தான் என்று ஊர் முடிவே கட்டிவிட்டது.

வாட்ச்மேன் ஓடிவந்து, எல்லாம் தன் கட்டுக்கதை என்று காலில் விழுந்தான். மீன் விற்கும் செல்வி அசையவில்லை.

"கதைதானே? அப்ப காங்கிரீட் போடற அன்னிக்கு உங்க புள்ளயக் கூட்டியாந்து நிறுத்துங்க சார். அது நல்லபடியா நிக்கட்டும், எங்க புள்ளைங்களை அனுப்பறோம். அதுவரைக்கும் ஒரு சட்டி கலவை விழாது."

வீட்டில் சொன்னார். அக்கா சாஃப்ட்வேர்காரி. விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இந்தக் காலத்துலயுமா? தாராளமாக் கூட்டிட்டுப் போங்க."

யு.கே.ஜி. படித்த மகள் காவ்யாவுக்கு லீவ் போட்டாள். நானும் தொற்றிக்கொண்டேன் — மூடநம்பிக்கையை வாரிப் பத்திரிகைக்கு ஒரு பத்தி எழுதலாமே!

கிளம்பும்போது பார்த்தால் காவ்யாவின் பையில் ஓர் எலுமிச்சம்பழம்.

"ஜூஸுக்குடா" என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

ஓசூர் தாண்டியதும் அத்தான் ஒரு கோயில் வாசலில் காரை நிறுத்தினார். மகள் கையில் கறுப்புக் கயிறு கட்டினார்.

"அக்காகிட்ட சொல்லிடாத மாப்ளே..."

கான்கிரீட் அன்று ஊரே கரையில் நின்றது. மிக்சர் உறுமியது. முதல் சட்டி கலவை விழுந்ததும் காவ்யா நின்ற இடத்திலேயே சந்தோஷமாகக் குதித்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி அவள் பக்கத்தில் வந்தது. அப்புறம் இன்னொன்று. மறுநாள் எல்லாமே பள்ளிக்கூடம் போயின. செல்வி அத்தானுக்கு ஒரு கூடை மீன் கொடுத்தனுப்பினாள்.

வாரி எழுதப் போன நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்கிறீர்களா? கடைசிச் சட்டி விழும்வரை காவ்யாவின் கையை விடவேயில்லை... "மாமா, வலிக்குது" என்று அவள் அழுத பிறகும்.