பேனரில் சூசை அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் போட்டிக்கான பேனரை வாங்க இன்று உத்திரமேரூர் பேனர் கடைக்குப் போனேன்.

எங்கள் பையன்களுக்கு நடுவில் சூசை அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, செத்துப்போனவரப் போட்டு வச்சிகீறீங்க?"

"அவரோட நினைவு நாள் பேனர்லதான் உங்க டீம சேத்தேன். அவர எடுக்க மறந்துட்டேன். அழிச்சிட்டு வேற அடிச்சித் தரட்டா?" என்றார் கடைக்காரர்.

சின்ன வயதில் எங்களுக்கு அவர்தான் ஹீரோ. கோல் போட்டதும் கத்த மாட்டார். விழுந்து கிடக்கும் எதிரணி கீப்பரைக் கைகொடுத்துத் தூக்கி, முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுவார்.

படத்தில் இருப்பவரைவிட இன்று எனக்கு வயது அதிகம்.

"இருக்கட்டும், வுட்டுடுங்க" என்றேன்.

பேனரைக் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் கட்டினோம். எங்கள் கீப்பர் அங்கே நிற்க மாட்டேன் என்கிறான்.

விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்கிறது என்று யாராவது அவனுக்குச் சொல்லுங்களேன்.